விண்டோஸ் 7 லேப்டாப்பில் கேம் செய்யக் கற்பது: வியாசர்பாடியிலிருந்து ஒரு வழிகாட்டி

ஞாயிற்றுக்கிழமை காலையில் எங்கள் வீட்டு முன்னறையில் நாலைந்து பிள்ளைகள் லேப்டாப்போடு வந்து உட்காருவார்கள். வடசென்னையின் வியாசர்பாடி, புளியந்தோப்பு, கொடுங்கையூர் பக்கத்துப் பிள்ளைகள். பெரும்பாலும் அக்காவோ அண்ணனோ பள்ளியில் வாங்கிய அரசு லேப்டாப்தான். 2011-இல் அந்தத் திட்டம் தொடங்கியது. முதல் சில ஆண்டுகளில் வந்த லேப்டாப்புகள் இன்னும் பல வீடுகளில் உயிரோடு இருக்கின்றன. திறந்தால் விண்டோஸ் 7.

"அண்ணா, இதுல கேம் பண்ண முடியுமா? இல்ல புதுசு வாங்கணுமா?"

எல்லோரும் முதலில் கேட்பது இதுதான். முடியும், புதிது வாங்கத் தேவையில்லை. ஆனால் அந்தக் கணினியின் வயதுக்கு ஒத்த கருவிகளைத்தான் அதில் போட வேண்டும். வீடியோவில் பார்த்துவிட்டு இன்றைக்கு வந்த பதிப்பை இறக்கினால் நிறுவும்போதே பிழை வரும். பிள்ளை தனக்குத்தான் அறிவில்லை என்று நினைத்து மூடி வைத்துவிடும். அப்படி மூடி வைத்த லேப்டாப்புகளை நிறையப் பார்த்துவிட்டேன். எந்தக் கருவியில் எந்தப் பதிப்பு வரை விண்டோஸ் 7-இல் ஓடும் என்பது தெரிந்தால் பாதி வேலை முடிந்தது. அதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் ஒரு எச்சரிக்கை

விண்டோஸ் 7 வெளிவந்தது 2009 அக்டோபர் 22. மைக்ரோசாஃப்ட் அதற்கான ஆதரவை 2020 ஜனவரி 14-இல் நிறுத்தியது. அதற்குப் பிறகு கண்டுபிடிக்கப்பட்ட ஓட்டைகளுக்கு நம் லேப்டாப்பில் அடைப்பு கிடையாது. அதனால் இந்தக் கணினியில் நெட்பேங்கிங், ஆதார், வீட்டார் மின்னஞ்சல் எதுவும் வேண்டாம். அவற்றை ஃபோனில் பார்த்துக்கொள்ளுங்கள். இதை நிரல் எழுதும் மேசையாக மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். வேலை செய்யும்போது இணையத்தை அணைத்து வைப்பது நல்லது.

இணையம் தேவைப்படும் நேரத்துக்கு ஃபயர்பாக்ஸ் 115 இஎஸ்ஆர் போடுங்கள். விண்டோஸ் 7-க்கான கடைசி ஃபயர்பாக்ஸ் வரிசை அது. குரோம் 109-ஆம் பதிப்போடு 2023-லேயே நின்றுவிட்டது.

"விண்டோஸை எடுத்துவிட்டு லினக்ஸ் போட்டுவிடலாமே" என்று சிலர் சொல்வார்கள். லேப்டாப் முழுக்க உங்களுடையது, 4 ஜிபி ரேம் இருக்கிறது என்றால் தாராளமாகப் போடலாம். இணையத்துக்கு அதுதான் பாதுகாப்பும். பல அரசு லேப்டாப்புகளில் மத்திய அரசின் சி-டாக் நிறுவனம் உருவாக்கிய பாஸ் லினக்ஸ் ஏற்கெனவே இரண்டாவதாக இருக்கிறது, தொடங்கும்போது வரும் பட்டியலில் பாருங்கள். ஆனால் அப்பா கணக்கெழுதும் மென்பொருளும் அக்காவின் டைப்பிங் பயிற்சியும் அதே லேப்டாப்பில் இருக்கும் வீடுகளில் விண்டோஸை அழிக்க முடியாது. இந்த வழிகாட்டி அந்த வீடுகளுக்கு.

கணினியைத் தெரிந்துகொள்ளுங்கள்

'கம்ப்யூட்டர்' படத்தின் மேல் வலது கிளிக் செய்து, பட்டியலின் கடைசியில் உள்ள 'ப்ராப்பர்ட்டீஸ்' திறங்கள். மூன்று விஷயங்களை நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள்: 32 பிட்டா 64 பிட்டா, ரேம் எவ்வளவு, 'சர்வீஸ் பேக் 1' என்று இருக்கிறதா. 32 பிட் கணினியில் 64 பிட் மென்பொருள் ஓடவே ஓடாது. பின்னால் வரும் எல்லாப் பதிவிறக்கத்துக்கும் அந்த ஒரு எண்தான் வழிகாட்டும்.

கிராஃபிக்ஸ் என்னவென்றும் பார்த்துவிடுங்கள். விண்டோஸ் விசையோடு 'ஆர்' அழுத்தி, வரும் பெட்டியில் டிஎக்ஸ்டயாக் என்பதை ஆங்கில எழுத்துகளில் அடித்தால் 'டிஸ்ப்ளே' பக்கத்தில் பெயர் இருக்கும். இன்டெல் எச்டி 3000 என்றால் ஓபன்ஜிஎல் (திரையில் படம் வரைய கேம்கள் பயன்படுத்தும் முறை) 3.1 வரைதான் தரும். எச்டி 4000 என்றால் 4.0 வரை. ஆட்டம் சிப் போட்ட சின்ன நெட்புக் என்றால் பெரும்பாலும் 2.1-கூட வராது. அதில் கோடோ என்ற கேம் எஞ்சின் பக்கம் போகாமல், பைத்தான் மொழியில் கேம் எழுத உதவும் பைகேமோடு நின்றுகொள்ளுங்கள்.

2 ஜிபி ரேம் இருந்தால் வேலை நடக்கும், ஆனால் மெதுவாக. பழைய டிடிஆர்3 ரேம் ஒன்று கிடைத்தால் சேர்த்துவிடுங்கள். விண்டோஸ் 7 ஸ்டார்ட்டர் பதிப்பு மட்டும் 2 ஜிபிக்கு மேல் எடுத்துக்கொள்ளாது, காசு கொடுப்பதற்கு முன் அதைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

உப்புக் காற்றும் பட்டன் பேட்டரியும்

காசிமேடு, ராயபுரம், திருவொற்றியூர்ப் பக்கம் இருப்பவர்களுக்கு இது தெரிந்திருக்க வேண்டும். மாதக்கணக்கில் மூடி வைத்த லேப்டாப்பைப் போட்டால் விசிறி சுற்றும், விளக்கு எரியும், திரை கறுப்பாகவே இருக்கும். செத்துவிட்டது என்று பழைய இரும்புக்குப் போட்டுவிடாதீர்கள். பல நேரம் ரேமின் தங்கநிறப் பற்களில் உப்புக் காற்றால் படலம் படிந்திருக்கும், அவ்வளவுதான்.

சார்ஜரைப் பிடுங்குங்கள். பேட்டரியைக் கழற்றுங்கள். பவர் பட்டனைப் பத்து நொடி அழுத்திப் பிடித்துவிட்டு விடுங்கள். அடிப்பக்க மூடியைத் திறந்தால் ரேம் தெரியும். இரு பக்கக் கொக்கிகளையும் விரலால் வெளிப்பக்கம் தள்ளினால் அது தானே சாய்ந்து எழும்பும். பள்ளிக்கூட வெள்ளை ரப்பரால் அந்தப் பற்களை ஒரே திசையில் மெதுவாகத் தேயுங்கள். ரப்பர் கறுக்கும். அந்தக் கறுப்புதான் தடையாக இருந்தது. ரப்பர் தூளைத் துணியால் துடைத்துவிட்டு, சாய்வாகச் செருகி, 'டக்' என்று கொக்கி விழும்வரை அழுத்துங்கள். இந்த ஒரு வேலையில் திரும்ப எழுந்த லேப்டாப்புகள் எங்கள் தெருவில் மூன்று.

இன்னொன்று, பழைய லேப்டாப்பில் எந்தத் தளமும் திறக்காமல் 'சான்றிதழ் செல்லாது' என்று வந்தால், வேறெதையும் தொடுவதற்கு முன் கடிகாரத்தைப் பாருங்கள். தேதி 2009, 2010 என்று பின்னால் போயிருக்கும். உள்ளே இருக்கும் சின்ன பட்டன் பேட்டரி தீர்ந்துவிட்டது என்று பொருள். பெரும்பாலும் சிஆர் 2032. சில லேப்டாப்பில் ஒயரோடு சுற்றி வைத்திருப்பார்கள், அதே மாதிரி ஒயரோடு வாங்க வேண்டும். மாற்றும்வரை தேதியைக் கையால் திருத்தினால் போதும், தளங்கள் திறக்கும்.

நாலு அப்டேட், இந்த வரிசையில்

பைத்தான் நிறுவும்போது 'ஏபிஐ-எம்எஸ்-வின்-சிஆர்டி' என்று தொடங்கும் ஏதோ கோப்பு இல்லை என்று பிழை வந்து எத்தனையோ பேர் அதோடு விட்டிருக்கிறார்கள். அந்தக் கோப்பின் பெயரைத் தேடினால் ஏதேதோ தளங்கள் 'இதை இறக்குங்கள்' என்று நீட்டும். இறக்காதீர்கள். நோய் வருவது அந்த வழியில்தான். சரியான மருந்து மைக்ரோசாஃப்ட் அப்டேட் கேட்டலாக் தளத்தில் இருக்கிறது.

சர்வீஸ் பேக் 1 இல்லையென்றால் முதலில் அது. அப்புறம் கேபி 4490628 (கேபி என்பது அப்டேட்டின் எண்). அதற்குப் பின் கேபி 4474419. இந்த இரண்டும் போட்டால்தான் புதிய முறையில் கையொப்பமிட்ட அப்டேட்டுகளை விண்டோஸ் 7 நம்பும். பிறகு கேபி 3063858, பைத்தான் 3.8 எதிர்பார்க்கும் ஒரு வசதியைத் தருவது. கடைசியில் கேபி 2999226, மேலே சொன்ன சிஆர்டி பிழையைத் தீர்ப்பது. 32 பிட்டுக்கு எக்ஸ்86, 64 பிட்டுக்கு எக்ஸ்64 என்று பார்த்து எடுங்கள். ஒவ்வொன்றுக்கும் பிறகு ரீஸ்டார்ட் செய்யுங்கள். 'இது உங்கள் கணினிக்குப் பொருந்தாது' என்று வந்தால் ஒன்று ஏற்கெனவே போட்டிருக்கிறது, அல்லது பிட் மாறிவிட்டது.

எந்தக் கருவி, எந்தப் பதிப்பு

பைத்தான் 3.8.10 எடுங்கள். 3.9 முதல் விண்டோஸ் 7-இல் ஓடாது. 3.8 வரிசையில் விண்டோஸுக்கு நிறுவியோடு வந்த கடைசிப் பதிப்பும் 3.8.10-தான். அதற்கு மேல் எண் தெரிந்தாலும் அதில் நிறுவி இருக்காது. நிறுவும்போது கீழே 'பாத்தில் சேர்' என்ற கட்டத்தை மறக்காமல் டிக் செய்யுங்கள். முடிந்ததும் கறுப்புத் திரையில் (கமாண்ட் ப்ராம்ப்ட்) பைத்தானோடு வரும் பிப் கட்டளையால் பைகேம் நிறுவுங்கள். பதிப்பு எண் கொடுக்க வேண்டாம், பைத்தான் 3.8-க்கு ஒத்ததை பிப் தானே தேர்ந்துகொள்ளும்.

எழுத நோட்பேட்++ போதும். 2 ஜிபி லேப்டாப்புக்கு நான் அதைத்தான் சொல்வேன். விஎஸ் கோட் வேண்டுமென்றால் 1.70 வரைதான், அதுவும் 4 ஜிபி இருந்தால். நிரலின் பழைய நிலைகளைச் சேமித்து வைக்கும் கிட் 2.46.2 வரை. படம் வரைய கிம்ப் 2.10, ஒலிக்கு ஆடாசிட்டி 2.4.2. முப்பரிமாணம் பழக ப்ளெண்டர் 2.79 எடுங்கள். 2.80 முதல் ஓபன்ஜிஎல் 3.3 கேட்கும், எச்டி 3000 அதைத் தராது. சி மொழி கற்பவர்களுக்கு ரேலிப் என்ற கேம் தொகுப்பு நன்றாக ஒத்துவரும், பழைய ஓபன்ஜிஎல்லிலும் ஓடும்படி அதைக் கட்டமைக்கலாம்.

கோடோவில் 3.6 எடுங்கள். ஒரே ஜிப், நிறுவ வேண்டாம், பிரித்தால் ஓடும். புது ப்ராஜெக்ட் தொடங்கும்போது இரண்டு ரெண்டரரில் (படம் வரையும் முறை) எது என்று கேட்கும், அதில் ஈஎஸ் 2.0 என்பதைத் தேர்ந்தெடுங்கள். 3.0-ஐத் தேர்ந்தால் ஓபன்ஜிஎல் 3.3 வேண்டும், எச்டி 3000-இல் திறக்காது. வீடியோ பாடங்களில் பெரும்பாலும் கோடோ 4 காட்டுவார்கள். அதில் கட்டளைகளின் பெயர்கள் மாறியிருக்கும், 3-க்கான பாடமா என்று பார்த்துப் பின்பற்றுங்கள்.

இவை எல்லாவற்றையும் அந்தந்த மென்பொருளின் சொந்தத் தளத்திலிருந்து ஒரே தடவை இறக்கி, ஒரு பென்டிரைவில் போட்டு, பக்கத்தில் ஒரு காகிதத்தில் பெயரும் பதிப்பும் எழுதி வையுங்கள். பழைய பதிப்புகள் என்றைக்கும் தளத்தில் கிடைக்கும் என்று நினைக்காதீர்கள். 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலில் எங்கள் வீட்டுக்குள் முட்டியளவு தண்ணீர் வந்தது. கட்டிலுக்கடியில் பெட்டியில் இருந்த லேப்டாப் போயிற்று. பரணில் டப்பாவில் கிடந்த பென்டிரைவால் மறுவாரம் வேறொரு லேப்டாப்பில் ஒரே மாலையில் எல்லாவற்றையும் திரும்பப் போட்டேன். நீங்கள் எழுதிய நிரலையும் வாரம் ஒரு தடவை அதில் நகல் எடுங்கள்.

முதல் கேம் கேரமாக இருக்கட்டும்

வடசென்னையில் கேரம் தெரியாத தெரு உண்டா? 2024-இல் அமெரிக்காவில் நடந்த கேரம் உலகக் கோப்பையில் மூன்று தங்கம் வென்ற காசிமா நம் புதுவண்ணாரப்பேட்டைக்காரர். விதி எல்லோருக்கும் தெரியும், அளவுகள் தெளிவாக இருக்கின்றன, கணக்கும் எட்டாவது படிக்கும் பிள்ளைக்குச் சொல்லிப் புரியவைக்கக்கூடியது. துப்பாக்கி கேமை விட இதில்தான் நிறையக் கற்கலாம் என்பது என் அனுபவம்.

போர்டின் ஆடுகளம் 74 செமீ சதுரம். இந்த லேப்டாப்புகளின் திரை பெரும்பாலும் 1366க்கு 768. ஒரு செமீக்கு 8 புள்ளி (பிக்சல்) என்று வைத்தால் போர்டு 592 புள்ளி, கீழே டாஸ்க்பார் போக அடங்கிவிடும். காயினின் விட்டம் 3.1 செமீ, 25 புள்ளி. ஸ்ட்ரைக்கர் 4.1 செமீ, 33 புள்ளி. பாக்கெட் 4.45 செமீ, 36 புள்ளி. எடை காயினுக்கு 5 முதல் 5.5 கிராம், ஸ்ட்ரைக்கர் அதிகபட்சம் 15 கிராம், கிட்டத்தட்ட மூன்று மடங்கு. இந்த விகிதத்தை நிரலில் வைத்தால்தான் அடி அடியாக இருக்கும்.

இரண்டு வட்டங்களின் மையங்களுக்கு இடையிலான தூரம் அவற்றின் ஆரங்களின் கூட்டலை விடக் குறைந்தால் மோதிவிட்டன என்று பொருள். முதலில் இரண்டையும் அந்த மையக் கோட்டிலேயே விலக்கி வையுங்கள். பிறகு அந்தக் கோட்டுத் திசையில் உள்ள வேகத்தை மட்டும் எடை பார்த்து மாற்றுங்கள். கோட்டுக்குக் குறுக்கே உள்ள வேகத்தைத் தொடாதீர்கள். கட் ஷாட் அதிலிருந்துதான் தானாகப் பிறக்கிறது.

உராய்வில் எல்லோரும் ஒரே தவறு செய்வார்கள். ஒவ்வொரு ஃப்ரேமிலும் வேகத்தை 0.98-ஆல் பெருக்குவார்கள். அப்போது காயின் கடைசிவரை நத்தை மாதிரி ஊர்ந்துகொண்டே இருக்கும், நிற்காது. உண்மையான போர்டில் காயின் ஒரே சீராக வேகம் இழந்து சட்டென்று நிற்கும். அதனால் ஒவ்வொரு ஃப்ரேமிலும் ஒரு குறிப்பிட்ட அளவைக் கழியுங்கள், பூஜ்யத்துக்குக் கீழ் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அந்த எண்ணைக் குறைத்தால் பவுடர் போட்ட போர்டு, கூட்டினால் மழைநாள் போர்டு.

அடுத்து வரும் சிக்கலைப் பதினாலு வயதுப் பையன் ஒருவன் என்னிடம் கொண்டு வந்தான். "அண்ணா, மெதுவா அடிச்சா காயின்ல படுது. வேகமா அடிச்சா ஸ்ட்ரைக்கர் காயினைத் தாண்டிப் பூந்து போவுது."

நோட்டில் போட்டுப் பார்த்தோம். பலமான அடியை நொடிக்கு 400 செமீ என்று வைத்தோம். நொடிக்கு 60 ஃப்ரேம். ஒரு ஃப்ரேமில் ஸ்ட்ரைக்கர் 6.7 செமீ தாவுகிறது. காயினே 3.1 செமீதான். ஓரமாகப் படும் அடியில் ஸ்ட்ரைக்கர் ஒரு ஃப்ரேமில் காயினுக்கு இந்தப் பக்கம், அடுத்ததில் அந்தப் பக்கம், நடுவே தொட்டதை நிரல் பார்க்கவே இல்லை. "அப்போ நடுவுல நிறைய தடவை பார்க்கணும்" என்று அவனே சொன்னான். ஒரு ஃப்ரேமை எட்டாகப் பிரித்தோம். இப்போது ஒரு படிக்கு 0.83 செமீ, கிட்டத்தட்ட எதுவும் தப்பிக்காது.

பழைய லேப்டாப் தாங்குமா? 9 கறுப்பு, 9 வெள்ளை, ஒரு ரெட், ஒரு ஸ்ட்ரைக்கர், மொத்தம் 20. ஜோடிகள் 190. எட்டுப் படி, 60 ஃப்ரேம் என்றால் நொடிக்கு 91,200 சோதனை. வர்க்கமூலம் எடுக்காமல் தூரத்தின் வர்க்கத்தை ஆரக் கூட்டலின் வர்க்கத்தோடு ஒப்பிட்டால் பைத்தான் தாங்கும். இரண்டுமே அசையாத ஜோடிகளை விட்டுவிட்டால் இன்னும் இலகு. அவன் லேப்டாப் 2 ஜிபிதான், தடங்கலில்லாமல் ஓடுகிறது. வசதியான கணினி வைத்திருந்தால் இந்தச் சிக்கனத்தை அவன் இவ்வளவு சீக்கிரம் கற்றிருக்க மாட்டான் என்று நினைக்கிறேன்.

ரெட் அண்ட் ஃபாலோ, ஸ்ட்ரைக்கர் விழுந்தால் ஃபைன், இதையெல்லாம் மோதல் சரியான பிறகு சேருங்கள்.

தமிழ் எழுத்து உடையும், வழி இருக்கிறது

'வெற்றி' என்று திரையில் காட்டினால் கொம்பு 'வ'வுக்குப் பின்னால் போய் நிற்கும். பிள்ளைகள் எழுத்துருவில் கோளாறு என்று நினைத்து வேறு வேறு எழுத்துருவாக மாற்றிப் பார்ப்பார்கள். கோளாறு அங்கே இல்லை. கணினிகள் இன்று எழுத்துகளைச் சேமிக்கும் யூனிகோடு முறையில் 'வெ' என்பது முதலில் 'வ', அடுத்து கொம்பு என்ற வரிசையில்தான் சேமிக்கப்படுகிறது. திரையில் காட்டும்போது இடம் மாற்றி அடுக்குவது தனி வேலை. கோடோ 3 அந்த வேலையைச் செய்யாது, கோடோ 4-இல்தான் அது வந்தது.

மிக எளிய வழி, சொற்களைப் படமாக்குவது. கிம்ப் 2.10 தமிழைச் சரியாக அடுக்கும். 'வெற்றி', 'உன் முறை', 'மீண்டும் ஆடு' என்று தேவையான சொற்களை அதில் எழுதி, பின்னணி இல்லாத பிஎன்ஜி படமாகச் சேமித்து கேமில் ஒட்டுங்கள். கேரமுக்குப் பத்துப் பன்னிரண்டு சொல்தான் வேண்டும். மதிப்பெண்ணை இலக்கமாகக் காட்டுவதில் எந்தச் சிக்கலும் இல்லை.

கதை கேம் மாதிரி நிறைய எழுத்து வேண்டுமென்றால் பாமினி வகைப் பழைய எழுத்துரு உதவும். அச்சகங்களிலும் ஃப்ளெக்ஸ் கடைகளிலும் இன்றும் அதில்தான் பலர் அடிக்கிறார்கள். அதில் கொம்பை முதலில் அடித்துப் பிறகு எழுத்தை அடிப்பது முறை, கண்ணுக்குத் தெரியும் வரிசையிலேயே சேமிக்கப்படுகிறது. அதனால் அடுக்கத் தெரியாத கேம் எஞ்சினிலும் சரியாக வரும். யூனிகோடில் எழுதி, எழுத்துரு மாற்றும் மென்பொருள் மூலம் பாமினிக்கு மாற்றிப் போடுங்கள். அந்த எழுத்துருவைக் கேமோடு சேர்த்துக் கொடுக்க உரிமை இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

மற்றவர்களுக்குக் கொடுப்பது

பைகேமில் செய்ததை பைஇன்ஸ்டாலர் மூலம் ஒரே கோப்பாகக் கட்டலாம். பழைய லேப்டாப்புக்கு இங்கே ஒரு பெரிய சாதகம் உண்டு. விண்டோஸ் 7-இல் பைத்தான் 3.8 கொண்டு கட்டிய கேம் விண்டோஸ் 10, 11-லும் ஓடும். புதிய கணினியில் புதிய பைத்தானால் கட்டியது இங்கே ஓடாது. 32 பிட் பைத்தானில் கட்டினால் இரண்டு வகைக்கும் ஒரே கோப்பு போதும். புதிய விண்டோஸ் 'தெரியாத மென்பொருள்' என்று தடுக்கும். கையொப்பமில்லாத எல்லாக் கோப்புக்கும் அது வரும், வாங்குபவரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

ஃபோனில் காட்ட வேண்டுமென்றால் கோடோ 3-இல் செய்து எச்டிஎம்எல்5 ஆக ஏற்றுமதி செய்யுங்கள். ஆண்ட்ராய்டு ஏற்றுமதிக்குத் தேவையான கருவிகள் இந்த லேப்டாப்புக்குப் பாரம், இப்போதைக்கு விடுங்கள். ஏற்றுமதியான கோப்புறையைக் கறுப்புத் திரையில் திறந்து, பைத்தானோடு வரும் எச்டிடிபி சர்வரை 8000 என்ற எண்ணில் ஓட்டுங்கள். ஃபயர்வால் கேட்டால் 'ப்ரைவேட்' நெட்வொர்க்குக்கு மட்டும் அனுமதி கொடுங்கள். ஒரு ஃபோனில் ஹாட்ஸ்பாட் போட்டு லேப்டாப்பையும் மற்ற ஃபோன்களையும் அதில் சேருங்கள். ஐபிகான்ஃபிக் கட்டளை காட்டும் லேப்டாப்பின் முகவரியை எழுதி, முக்காற்புள்ளி போட்டு, 8000 சேர்த்து ஃபோன் பிரௌசரில் அடித்தால் கேம் திறக்கும். டேட்டா செலவாகாது. நண்பர்கள் ஆடி முடித்ததும் சர்வரை நிறுத்தி, ஹாட்ஸ்பாட்டை அணைத்துவிடுங்கள்.